தீவனக் கடைக் குஞ்சுகளும் தாயில்லாத முதல் இரவும்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: ஓசூரை அடுத்த சிற்றூரில் வசிக்கிறோம். மார்கழியில் ஒரு சனிக்கிழமை மாலை தீவனக் கடையில் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 25 வாங்கி, இரு சக்கர வாகனத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொலைக்காட்சி வந்த பெரிய அட்டைப் பெட்டியைத் தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரையில் வைத்து, உள்ளே செய்தித்தாள் விரித்து, குளிராமல் இருக்க 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். தின்ன நொய் வைத்தேன். கடைக்காரர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். விடிந்து பார்த்தால் ஒரு மூலையில் 8 குஞ்சுகள் இறந்து கிடந்தன. நான்காம், ஐந்தாம் நாட்களில் மேலும் 5 போயின. அவற்றில் இரண்டுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தது. இன்று ஒன்பதாம் நாள், 12 மிஞ்சியிருக்கின்றன. கடையில் நோய்க் குஞ்சுகளைத் தலையில் கட்டிவிட்டார்களா? மருந்து போதவில்லையா? இன்னும் 13 வாங்கி 25 ஆக்கிவிடலாமா? எட்டு வயது மகள், இவற்றில் எவை பெட்டை என்று கேட்கச் சொல்கிறாள்.

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நடந்ததை மறைக்காமல், பல்பு எத்தனை வாட் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு விவரம்தான் எனக்கு வழியைக் காட்டியது. இறந்த குஞ்சுகளைப் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்வது முறையன்று. ஆயினும் முதல் இரவில் 8 குஞ்சுகள் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன என்றால், நான் முதலில் சந்தேகிப்பது நோயை அன்று, குளிரை. ஓசூர்ப் பக்கம் மார்கழி இரவில் வெப்பம் 16, 17 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. பொரித்து ஓரிரு நாளான குஞ்சுக்கு அதன் முதுகு உயரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி இருக்க வேண்டும். உங்கள் பெட்டிக்குள் இந்த இடைவெளியை நிரப்ப எதுவும் இல்லை. எல்.இ.டி. பல்பு நல்ல வெளிச்சம் தரும். குஞ்சை அணைக்கும் வெப்பத்தைத் தராது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் கோழிக்குஞ்சுக்கு பல்பு போடு என்று சொன்ன காலத்தில் பல்பு என்றால் குண்டு பல்புதான்; அது இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேறும். வீட்டு பல்பு மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறாமல் நிற்கிறது. ஆண்டுக்கு நாலைந்து பேராவது இதே தவற்றோடு என்னிடம் வருகிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை.

முட்டைக்குள் 21 நாட்கள் வளரும் குஞ்சு, பொரிப்பதற்குச் சற்று முன்னால் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு அதுவே அதற்குக் கட்டுச்சோறு. பொரிப்பகத்திலிருந்து தொலைதூரம் அனுப்பப்பட்ட குஞ்சு தீனியில்லாமல் உயிரோடு வந்து சேர்வதற்கு அதுவே காரணம். கட்டுச்சோறு உண்டே தவிர, போர்வை கிடையாது. முதல் பத்துப் பதினைந்து நாட்களுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் குஞ்சுக்கு வாய்ப்பதில்லை. தாய்க்கோழி இருந்தால் அதன் இறக்கைக்குள் நுழைந்துகொள்ளும், தாய் இல்லாவிட்டால் கூடப் பிறந்தவற்றின் அடியில் நுழையப் பார்க்கும். எல்லாம் அடியில் நுழையப் பார்ப்பதால் பெட்டியின் மூலையில் ஒரு குவியல் உண்டாகிறது. குவியலின் அடியில் சிக்கியவை மூச்சு முட்டி இறக்கின்றன, மேலே கிடந்தவை விறைத்து இறக்கின்றன. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். உங்கள் பெட்டியில் அதுதான் நடந்திருக்கிறது.

நான்காம், ஐந்தாம் நாளில் இறந்தவற்றின் கணக்கு வேறு. முதல் இரவின் குளிரில் தப்பிய குஞ்சுகளில் சில, நடுங்கிக்கொண்டே நின்றிருந்ததால் தீனிப் பக்கமே போயிருக்காது. மஞ்சள் கரு தீரும் வரை அவை நன்றாக இருப்பதைப்போலத் தோன்றும்; தீர்ந்ததும் தலை தொங்கிச் சரிந்துவிடும். இரண்டு நாள் துள்ளிக்கொண்டிருந்த குஞ்சு திடீரென்று செத்துவிட்டதே என்று மக்கள் தொற்றுநோயை நினைப்பது இந்த நாட்களில்தான். தொப்புள் சரியாக மூடாமல் கிருமி ஏறிய குஞ்சுகளும் முதல் வாரத்திலேயே இறக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றின் வயிறு உப்பி, நீலம் பாரித்து, ஒரு கெட்ட வாடை வரும். அப்படி ஏதும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே கடைக்காரர்மேல் பழி போட எனக்கு இடமில்லை; அவரை முற்றிலும் விடுவிக்கவும் மனமில்லை, ஏனென்றால் குஞ்சு வாங்கியவரிடம் இரவுக்கு வெப்பத்துக்கு என்ன ஏற்பாடு என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த எட்டும் பிழைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக அவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறார்.

அந்த வெள்ளைத் தூளை இனி ஊற்றாதீர்கள். பெயர்ச்சீட்டு இல்லாத தூளில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, பல நேரம் கொடுத்தவருக்கும் தெரியாது. குஞ்சு வந்தவுடன் நோய் இருக்கிறதோ இல்லையோ மூன்று நாள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இப்படிக் கண்டபடி கொடுக்கப்பட்ட கொலிஸ்டின் என்னும் மருந்தை, மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கைகொடுக்காதபோது தருவதற்கென வைத்திருப்பது என்பதால், 2019ஆம் ஆண்டு மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தரக் கூடாது என்று தடை செய்தது. குளிரில் விறைத்த குஞ்சை எந்த மருந்தும் சூடேற்றாது. பயணக் களைப்புக்கு, கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆற்றிய தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி வெல்லம் கரைத்து முதல் சில மணி நேரம் வைத்தால் போதும்.

முதலில் இப்போது உயிரோடு இருக்கும் 12 குஞ்சுகளைப் பார்ப்போம். இன்று மாலைக்குள் அட்டைப் பெட்டியை அகற்றிவிட்டு, காற்று நேரே அடிக்காத ஓர் அறைக்குள் இடம் மாற்றுங்கள். தரையில் கோணிப்பை ஒன்றை விரித்து, அதன்மேல் இரண்டு அங்குல உயரத்துக்கு உமியோ உடைத்த கடலைத் தோலோ பரப்புங்கள். சிமெண்டுத் தரை அடியிலிருந்து குளிரை ஏற்றும். வழவழப்பான செய்தித்தாளிலோ குஞ்சின் கால் வழுக்கி, இரு கால்களும் பக்கவாட்டில் விரிந்து, நாளடைவில் நிற்கவே முடியாமல் போகும். மரத்தூள் மாவாக இருந்தால் அதைத் தீனி என்று கொத்தித் தின்னும் என்பதால் முதல் வாரத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகரத் தகட்டையோ அட்டையையோ வட்டமாக வளைத்து வையுங்கள். வட்டம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: மூலை இருந்தால் குவியல் இருக்கும்.

வட்டத்தின் நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், 60 வாட் குண்டு பல்புகள் இரண்டைத் தொங்கவிடுங்கள். குஞ்சுக்கு 2 வாட் என்பது சமவெளிக்கான பொதுக் கணக்கு. உங்கள் ஊரின் மார்கழிக்கு அது போதாது, மேலும் இரண்டில் ஒன்று நள்ளிரவில் ஃபியூஸ் போனாலும் மற்றது இருக்கும். குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. மின்சாதனக் கடைகளில் கேட்டால் பின்னாலிருந்து தூசு தட்டி எடுத்துக் கொடுப்பார்கள். கோழிப் பண்ணைச் சாமான் விற்கும் இடங்களில் 250 வாட் அகச்சிவப்பு விளக்கைக் காட்டினால், 12 குஞ்சுகளுக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உமியும் அட்டையும் இருக்கும் இடத்தில் அது தீ விபத்தை அழைத்து வைப்பதாகும். எந்த பல்பானாலும் மின்கம்பியை நம்பித் தொங்கவிடாமல், தனியாக ஒரு சங்கிலியிலோ இரும்புக் கம்பியிலோ கட்டுங்கள்.

ஒரு வெப்பமானி வாங்கி, குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது: முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து, வெளி வெப்பத்தோடு ஒட்டவைக்க வேண்டும். உங்கள் குஞ்சுகள் இரண்டாம் வாரத்தில் இருக்கின்றன என்பதால் 32 டிகிரி போதுமானது. ஆனால் வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். பல்புக்கு நேர் கீழே நெருக்கியடித்து நின்று, கூர்மையான குரலில் விடாமல் கத்தினால் குளிர்கிறது, பல்பைத் தாழ்த்துங்கள். தகட்டோரம் ஒதுங்கி, அலகைத் திறந்து, இறக்கையைத் தளர்த்தி மூச்சு வாங்கினால் சூடு மிகுதி, உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது, சாக்கை மாட்டுங்கள். வட்டம் முழுவதும் பரவிக் கிடந்து, சில தின்றுகொண்டும், சில கழுத்தை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டும், மெல்லிய முணுமுணுப்புக் குரல் கேட்டுக்கொண்டும் இருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம். இந்தப் பார்வையை இரவு 10 மணிக்கு ஒருமுறையும், குளிர் முற்றும் விடியற்காலை 3 மணிக்கு ஒருமுறையும் இன்னும் ஒரு வாரத்துக்குச் செய்யுங்கள். பகலில் பார்த்து இரவு நிலையை ஊகிக்க முடியாது.

மின்சாரம் போனால் மண்பானையில் தணல் போட்டு வைக்கும் வழக்கம் உங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. சன்னலை அடைத்த அறையில் அதைச் செய்யாதீர்கள். கரிப்புகை குஞ்சையும் கொல்லும், அதே அறையில் படுத்திருப்பவரையும் கொல்லும். நாலைந்து புட்டிகளில் சூடான தண்ணீரை நிரப்பி, பழைய துணியில் சுற்றி நடுவில் வைத்தால் ஓரிரு மணி நேரம் தாங்கும்.

பின்பக்கம் அடைத்துக்கொண்டது பற்றி எழுதியிருந்தீர்கள். குளிரும் பயணக் களைப்பும் தீனிக் கோளாறும் சேர்ந்தால் எச்சம் பசைபோல இளகி, ஆசனவாயைச் சுற்றியுள்ள மென்முடியில் ஒட்டி, காய்ந்து, மூடிபோல் அடைத்துவிடும். குஞ்சு முக்கும், வராது. ஒரு நாளுக்கு மேல் கவனிக்காமல் விட்டால் இறந்துவிடும். தினமும் காலையில் ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடைத்திருந்தால் பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து அதன்மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வைத்திருங்கள். ஊறியதும் தானே நழுவி வரும். காய்ந்ததைப் பிய்த்தால் தோலும் முடியும் சேர்ந்து வரும், குடலும் வெளியே தள்ளக்கூடும். பிறகு துணியால் ஈரத்தை ஒற்றி, உலரும் வரை பல்பின் அடியில் வைத்திருந்து, தேங்காய் எண்ணெயை விரல் நுனியால் இலேசாகத் தடவிவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுபடியும் குளிர்தான். இன்னொன்று: ஆசனவாய்க்குச் சற்று முன்னால், வயிற்றுப் பக்கம், கறுப்பாக ஒரு சிறு பொருக்கு இருந்தால் அது தொப்புள். அதையும் எச்சம் என்று எண்ணிப் பிடுங்கிவிட்டு, குடல் வெளியே வந்த குஞ்சைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்த ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியவில்லை. அன்று என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

தீனிக்கு வருவோம். நொய் வயிற்றை நிரப்பும். அதில் புரதம் நூற்றுக்கு எட்டு பங்கு அளவில்தான் உண்டு. குஞ்சுக்கு 20 பங்கு வேண்டும். இறக்கை முளைக்கும் வயதில் வெறும் நொய் தின்ற குஞ்சு இறகு விடாமல் மொட்டையாக நிற்கும், இறகு இல்லாததால் மேலும் குளிரும். எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனம், அதாவது கடையில் சிக் ஸ்டார்ட்டர் என்று விற்பதை, வாங்கி வையுங்கள். 12 குஞ்சுகளுக்குச் செலவு பெரிதாக ஆகாது. வீட்டிலிருக்கும் முட்டைக்கோழித் தீவனத்தைப் போட்டுவிடாதீர்கள். முட்டை ஓட்டுக்காக அதில் சேர்க்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கை மாடு தின்னாவிட்டால் கோழிக்குப் போடுவது நம்மிடம் உள்ள வழக்கம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். இரவில் குஞ்சின் கழுத்தடியில் வலப்பக்கமாக இருக்கும் இரைப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். நிறைந்து மெத்தென்று இருந்தால் சரி. நிறைந்து கல்போல் இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை. தட்டையாக இருந்தால் அந்தக் குஞ்சை மற்றவை தீனியிடம் விடவில்லை என்று பொருள், அதைத் தனியே எடுத்துத் தின்னவையுங்கள். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும். உள்ளே நாலைந்து கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு இறங்கி நனையாது.

அடுத்து தடுப்பு மருந்து. இதைத் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளைக் கழிச்சல் என்று ஊரில் சொல்லும் ராணிக்கெட் நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பு மட்டுமே உண்டு. ஐந்து முதல் ஏழு நாள் வயதுக்குள் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். உங்கள் குஞ்சுகளுக்குச் சில நாள் பிந்திவிட்டது, அதனால் கெட்டுவிடவில்லை, இந்த வாரமே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து கம்போரோ நோய்க்கான சொட்டு, நான்காம் வாரத்தில் ராணிக்கெட்டுக்கு லசோட்டா என்னும் சொட்டு மருந்து இரண்டாம் முறை, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி, இடையில் அம்மைக்கு ஒன்று. தேதிகளை மருந்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொட்டு மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கு உரியதாக இருக்கும், கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதுவரை பனிக்கட்டியில் வைத்திருக்க வேண்டும். எனவே அக்கம்பக்கத்தில் குஞ்சு வைத்திருப்பவர்களையும் ஒரே காலையில் கூட்டிக்கொண்டால் மருந்தும் வீணாகாது, ஊருக்குள் நோய் சுற்றுவதும் குறையும். பிப்ரவரியில் இதே ராணிக்கெட் நோய்க்காகக் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் விட்டுவிடாதீர்கள். சின்ன வெங்காயமும் மஞ்சளும் பூண்டும் அரைத்துக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதைக் கொடுத்தோமே என்று சொட்டு மருந்தை விட்டுவிடுவதில்தான் மறுப்பு.

மூன்றாம் வாரத்திலிருந்து ரத்தக் கழிச்சல் வரக்கூடும். உமி ஈரமாகிக் கட்டி தட்டினால் அது வரும். தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள ஈர உமியைத் தினமும் அள்ளி எறிந்தாலே பாதி நோய் போய்விடும். எச்சத்தில் ரத்தம் கண்டு மருத்துவர் ஆம்புரோலியம் எழுதித் தந்தால், அந்த நாட்களில் கடையில் சத்துக்காக என்று தரும் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அந்த மருந்து நோய்க்கிருமிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் செய்துதான் வேலை செய்கிறது. நீங்கள் டானிக்கில் அதே வைட்டமினை ஊற்றினால் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறித்ததாக ஆகும்.

இன்னும் 13 வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது வேண்டாம். புதிதாக வருபவை என்ன கிருமியைக் கொண்டுவரும் என்று தெரியாது, இருப்பவற்றுக்கு இன்னும் தடுப்பு மருந்தே போடவில்லை, வயது வேறுபட்ட குஞ்சுகளை ஒன்றாகப் போட்டால் பெரியவை சின்னவற்றைக் கொத்தும். மாசி பிறந்து இரவுக் குளிர் தணிந்தபின் வாங்குங்கள். அவற்றைத் தனி வட்டத்தில், தனித் தட்டுகளோடு ஒரு மாதம் வையுங்கள். சித்திரை வெயிலில் வாங்குபவருக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை: பகலில் பல்பே வேண்டியிருக்காது, எரியவிட்டால் சூட்டிலேயே செத்துவிடும்.

அடுத்த முறை வாங்கும்போது, பொரிப்பகத்திலிருந்து கடைக்கு எந்தக் கிழமையில் குஞ்சு வருகிறது என்று முன்னதாகக் கேட்டு, அன்றைய தினமே காலையில் போங்கள். சனிக்கிழமை மாலை கடையில் மிஞ்சியிருப்பவை பலர் கை பார்த்து ஒதுக்கியவையாகவும், இரண்டு மூன்று நாள் தீனி காணாதவையாகவும் இருக்கலாம். குஞ்சைக் கையில் எடுத்தால் அது திமிற வேண்டும்; கண் பளிச்சென்றும், மென்முடி உலர்ந்தும், தொப்புள் மூடியும், கால் விரல்கள் நேராகவும் இருக்க வேண்டும்; மல்லாத்தி வைத்தால் உடனே புரண்டு எழ வேண்டும். மேரெக்ஸ் நோய்க்கான ஊசி பொரித்த அன்றே பொரிப்பகத்தில் போட வேண்டியது, வீட்டில் போடுவதால் பெரிய பயன் இல்லை. போட்டார்களா என்று கேளுங்கள். நாட்டுக்கோழி என்று சொல்லித் தருபவற்றில் பெரும்பாலானவை கலப்பு. கலப்பு என்பதில் குற்றமில்லை, வேகமாக வளரும். சிறுவிடை என்னும் அசல் நாட்டுக்கோழி வகையைப் போல அடைக்கு உட்காரும் குணம் அவற்றில் குறைவாக இருக்கும் என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி ஓசூரிலேயே இருக்கிறது. குஞ்சு எப்போது கிடைக்கும் என்று அங்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சை வாங்கிவந்து பல்பைத் தேடாதீர்கள். முந்தின நாளே வட்டம் கட்டி, உமி பரப்பி, குஞ்சு வருவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே பல்பைப் போட்டு உமியே வெதுவெதுப்பாக இருக்கும்படி செய்யுங்கள். வண்டியில் கொண்டுவரும்போது பெட்டியின் பக்கவாட்டில் துளையிட்டு, எதிர்க்காற்று படாமல் முன்பக்கத்தைத் துணியால் மறையுங்கள். வீடு சேர்ந்ததும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் ஒருமுறை நனைத்து விடுங்கள். ஒன்று குடிக்கத் தெரிந்துகொண்டால் மற்றவை அதைப் பார்த்துக் குடிக்கும். ஓரிரு மணி நேரம் தண்ணீர் குடித்தபின் தீவனத்தைத் தூவுங்கள்.

பக்கத்து வீட்டில் அடைக்கோழி இருந்தால் இவ்வளவு பாடும் தேவையில்லை. மூன்று வாரம் அடையிலிருக்கும் கோழியின் அடியில், நன்றாக இருட்டியபின், ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக நழுவவிட்டால், விடிந்ததும் அது தன் குஞ்சென்றே பஞ்சாரத்துக்குள் கொக்கரித்துக்கொண்டு நிற்கும். ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். முன்னதாகக் கோழியின் இறக்கையடியில் பேன், செள் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதிருக்கும் உங்கள் குஞ்சுகளுக்கு இது பயன்படாது. ஒன்பது நாள் தாயில்லாமல் இருந்தவை கோழியைக் கண்டால் ஓடும், கோழியும் கொத்தும்.

இனி ஏதாவது குஞ்சு இறந்தால் குப்பையில் எறியாமல், உடனே ஒரு பையில் போட்டுப் பனிக்கட்டியோடு மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். உறைநிலைப் பெட்டியில் வைத்து உறையவிட்டால் உள்ளுறுப்புகளைப் பார்க்க முடியாமல் போகும். மருந்தகத்தில் முடியாவிட்டால் மாவட்டத்திலுள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பி வைப்பார்கள்.

மகள் கேட்ட கேள்விக்கு இப்போது விடை இல்லை. பண்ணைகளுக்குச் செல்லும் முட்டையினக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே சேவல், பெட்டை என்று பிரித்துவிடுவார்கள். நீங்கள் வாங்கியவை பிரிக்கப்படாத குஞ்சுகள், ஆகவே ஏறத்தாழப் பாதி சேவலாக இருக்கலாம். ஆறு, ஏழு வாரத்தில் சிலவற்றின் கொண்டை முந்திக்கொண்டு பெரிதாகிச் சிவக்கும், கால் தடிக்கும், நடையில் ஒரு மிடுக்கு வரும், அவை சேவல்கள். கொண்டை சிறிதாகவும் வெளிறியும் இருப்பவை பெட்டைகள். அதுவரை 12 குஞ்சுகளுக்கும் காலில் வெவ்வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டி, வாரம் ஒருமுறை கொண்டையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். கால் பருக்கும்போது நூலை மாற்றிக் கட்ட மறக்க வேண்டாம். குஞ்சை முகத்தோடு அணைத்து முத்தமிடக் கூடாது, தொட்டபின் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதையும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். ஏழாம் வாரத்து நோட்டை எனக்கும் அனுப்பினால், அவள் கணிப்பு சரிதானா என்று பார்த்து எழுதுகிறேன்.